காலடி பார்க்கும் கண்

சென்ற ஆண்டு எங்கள் பக்கத்துப் பள்ளி ஒன்றில் மாணவிகளுக்குத் தற்காப்பு கற்பிக்க யாரை அமர்த்துவது என்ற விஷயம் மேலாண்மைக் குழுவின் முன் வந்தபோது, மதுராந்தகம் ஏரிக்கரைக்குக் கீழே 50 ஆண்டுகளாகச் சிலம்பம் கற்பித்துவரும் ஒரு வாத்தியாரின் பெயரை நான் முன்மொழிந்தேன். குழுவில் இருந்தவர்களில் ஒருவர், வாத்தியாரிடம் உண்மையான மரியாதை உடையவர், தணிந்த குரலில் எனக்குச் சமாதானம் சொன்னார்: "பெரியவர்தாங்க, யாரு இல்லேன்னா? ஆனா அவரு பாத்த காலம் வேற, இப்ப நடக்கறது வேற. எழுபது வயசுக்கு மேல அவரால என்னத்த செஞ்சு காட்ட முடியும்? சர்டிபிகேட்டும் கெடையாது." மற்றவர்கள் தலையசைத்தார்கள். கறுப்புப் பட்டையும் சில பதக்கங்களும் பெற்ற 22 வயது இளைஞர் ஒருவர் நியமிக்கப்பட்டார். அந்த இளைஞர்மேல் எனக்கு வருத்தம் ஏதுமில்லை, உழைப்பாளி, ஒழுக்கமானவர். என் வழக்கெல்லாம் அந்தத் தலையசைப்போடுதான்.

அது எங்கள் ஊருக்கு மட்டும் உரிய தலையசைப்பன்று. 2012 டிசம்பரில் தில்லியில் ஓடும் பேருந்தில் ஒரு பெண்ணுக்கு நேர்ந்த கொடுமைக்குப் பிறகு, தற்காப்புப் பயிற்சி வேண்டும் என்ற பேச்சு நாடெங்கும் எழுந்து, நகரத்து உடற்பயிற்சிக் கூடங்களிலிருந்து அரசுப் பள்ளி மைதானங்கள் வரைக்கும் பரவியபோது, அதன் நிழலாகவே இந்த அபிப்பிராயமும் கூடவே பரவி, இன்று யோசனையின்றி ஏற்றுக்கொள்ளப்படும் சித்தாந்தமாக நிலைபெற்றுவிட்டது. அதன் வாதத்தை முழுப் பலத்தோடு எடுத்துரைப்பதே நியாயம். திருவிழாவிலும் வரப்புத் தகராறிலும் கம்பு தூக்கிய காலத்து மனிதர், இருசக்கர வண்டியில் வந்து சங்கிலி பறிப்பவனையும், திராவகம் வீசுபவனையும், கைப்பேசி வழியே பின்தொடர்பவனையும் அறியமாட்டார். சரீரம் தளர்ந்துவிட்டபடியால் வித்தையை நிகழ்த்திக் காட்ட அவரால் இயலாது. அவர் மெய்யான அபாயத்தைக் கடைசியாகச் சந்தித்தது எப்போதோ. இதற்குள் உலகமெங்கும் புதிய முறைகள் தோன்றிவிட்டன. ஆகையால் அவருக்குப் பொன்னாடை போர்த்தி மேடையில் உட்காரவைத்துவிட்டு, பிள்ளைகளை இளையவர்களிடம் ஒப்படைப்பதே விவேகம் என்பதுதான் அந்த வாதம். கேட்பதற்குப் பொருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த வாதச் சங்கிலியின் கண்ணிகளில் ஒன்றைத் தவிர மற்றவை யாவும் பிழையென்பது என் உறுதியான எண்ணம். அந்த ஒன்றைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில், அந்த வாத்தியார் கற்பிப்பது எதை என்று பார்ப்போம். தை மாதத்து விடியற்காலை ஒன்றில் ஏரிக்கரைச் சரிவில் இறங்கி, புளியமரங்களுக்கு நடுவே அவர் பாடம் நடத்தும் களத்துக்குப் போயிருந்தேன். 13 வயதுச் சிறுமி ஒருத்தி, தன் நெற்றி உயரமுள்ள கம்பைத் தலைக்கு மேலே சுழற்றிக்கொண்டிருந்தாள். வாத்தியார் அவளுக்கு முதுகைக் காட்டிப் பனந்துண்டின்மேல் அமர்ந்து, டம்ளரிலிருந்த தேநீரை ஆற்றிக்கொண்டிருந்தார். கம்பு காற்றைக் கிழிக்கும் ஓசை ஒரே சீராக வந்துகொண்டிருந்தது. ஏழெட்டுச் சுற்றுக்கு ஒருமுறை அதில் மிகச் சிறிய இடறல் ஒன்று விழுந்தது. அவர் சொன்ன பிறகுதான் அது என் காதுக்கு எட்டியது. திரும்பிப் பாராமலே, "பாப்பா, திரும்பும்போது இடது கால் தூங்குது பாரு. கை மேல தப்பு இல்ல" என்றார். அவள் குதிகாலைத் தளர்த்தி, முன்பாதத்தில் திரும்பினாள். இடறல் நின்றது. பிறகு அவர் எழுந்து வந்து, தம் கம்பின் நுனியால் ஈரமண்ணில் அவளைச் சுற்றி ஒரு வட்டம் கிழித்து, "இந்தக் கோட்டுக்குள்ள ஒருத்தன் வந்துட்டா கம்பு வெறும் விறகுதான். அவன் வர்றதுக்கு முந்தி நீ இங்க இருக்கக் கூடாது" என்று சொல்லி, வட்டத்துக்கு வெளியே பக்கவாட்டில் ஓரடி இடத்தைக் காட்டினார். அன்றைய பாடம் முழுவதும் அந்த ஓரடிதான். அலங்கார வீச்சு இல்லை, இரட்டைக் கம்பு இல்லை. ஒரு மணி நேரம் அந்தப் பெண் ஓரடி விலகினாள், மீண்டும் வந்து நின்றாள், மீண்டும் விலகினாள்.

கம்பைச் சுமந்துகொண்டு இன்று யாரும் செங்கற்பட்டுப் பேருந்தில் ஏறப்போவதில்லை என்பது அவருக்குத் தெரியாதா? அவர் கையில் கம்பு ஓர் அளவுகோல். எதிரே நிற்கும் மனிதனுக்கும் தனக்கும் இடையே உள்ள வெளி எவ்வளவு, அதைக் கடக்க அவனுக்கு எத்தனை காலடி வேண்டும், அந்தக் காலடியை அவன் எடுக்கப்போகிறான் என்பதை அவன் சரீரத்தின் எந்த உறுப்பு முதலில் அறிவிக்கும் என்ற மூன்றையும் ஒரு குழந்தையின் உடம்புக்குள் ஏற்றுவதற்கு, இவ்வளவு எளிய, இவ்வளவு நேர்மையான கருவி வேறில்லை. "கண்ணப் பாக்காத, கண்ணு பொய் சொல்லும். தோளப் பாரு. தோளும் பொய் சொன்னா காலப் பாரு. கால் பொய் சொல்லணும்னா அவன் விழுந்துடணும்" என்று அவர் அடிக்கடி சொல்வார். குத்துச்சண்டை வளையத்திலும் கால்பந்து மைதானத்திலும் நல்ல பயிற்சியாளர்கள் இதையேதான் தங்கள் பாஷையில் சொல்கிறார்கள்.

1983-இல் அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டியில் டென்னிஸ் டூலர் என்ற காவல்துறைப் பயிற்சியாளர் ஓர் எளிய சோதனை செய்து பார்த்து எழுதினார். கத்தியோடு 21 அடி தூரத்தில் நிற்பவன் ஓடிவந்து குத்துவதற்கு ஏறக்குறைய ஒன்றரை விநாடி போதும். உறையிலிருந்து துப்பாக்கியை உருவிச் சுடக் காவலருக்கும் அதே ஒன்றரை விநாடி வேண்டும் என்பது அவர் கண்டது. இடுப்பில் துப்பாக்கி இருப்பவனுக்கே தூரம்தான் முதல் ஆயுதம் என்பதை அந்தத் தேசத்துக் காவலர்கள் அதன் பிறகு பாடமாகவே படித்தார்கள். மண்ணில் வட்டம் கிழிக்கும் எங்கள் வாத்தியாரிடம் இதைச் சொன்னேன். அவர் வியக்கவில்லை, "கையில துப்பாக்கி இருந்தா இன்னும் கொஞ்சம் தள்ளி நிக்கணும், அவ்வளவுதானே" என்றார். கண்ணில் பட்டதற்குக் கை பதில் சொல்ல மனிதனுக்கு ஏறத்தாழ விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு ஆகிறது. ஆயுதங்கள் எத்தனை மாறினாலும் அவற்றைப் பிடிக்கும் கையும், அந்தக் கையைச் சுமந்துவரும் காலும், கண்டதற்கும் அசைந்ததற்கும் இடையே கழியும் அந்தக் கணமும் நம் பாட்டன்மார் காலத்தில் இருந்தபடியேதான் இருக்கின்றன. வாத்தியாருடைய வித்தை குடிகொண்டிருப்பது அந்தக் கணத்தில்.

"அபாயத்தின் ரூபம் மாறிவிட்டதே" என்ற ஆட்சேபத்தை இனி நேராகவே எடுத்துக்கொள்கிறேன். மாறித்தான் இருக்கிறது. மறைமலைநகருக்கும் ஒரகடத்துக்கும் தொழிற்சாலை வண்டியில் போய்வரும் எங்கள் ஊர்ப் பெண்கள், இரவு ஷிப்டு முடிந்து ஜி.எஸ்.டி. சாலையோரத்தில் நடுச்சாமத்தில் இறங்கி, ஊருக்குள் செல்லும் கிளைச் சாலையில் தனியே நடக்கிறார்கள். அவர்கள் தாய்மார் அப்படி நடந்ததில்லை. இந்த மாறுதலை முதலில் அறிந்துகொள்பவர் யார்? 50 ஆண்டுகளில் ஊரில் பாதிப் பேருக்குப் பாடம் சொன்னவரிடம்தான், எதுவும் நேர்ந்தவர்கள் முதலில் வருகிறார்கள். காவல் நிலையத்துக்குப் போகத் தயங்குகிறவளும் வாத்தியார் வீட்டுத் திண்ணைக்கு வந்து, "ஐயா, நேத்து ராத்திரி இப்படி ஆச்சு" என்று சொல்கிறாள். அவர் பரிதாபப்படுவதோடு நிறுத்துவதில்லை. எங்கே நின்றாய், அவன் எந்தப் பக்கம் வந்தான், பை எந்தத் தோளில் இருந்தது, முதலில் என்ன பேசினான் என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறார். மறுநாள் காலை அந்தக் கேள்விகள் களத்தில் பாடமாகின்றன. சாப்பாட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டும், துப்பட்டாவை முறையாகப் போட்டுக்கொண்டும், செருப்போடும் அவரிடம் பெண்கள் பயிற்சி செய்வதை நான் பார்த்திருக்கிறேன். சாலையில் வண்டிகள் எதிரே வரும் பக்கமாக, வலப்புறமாகவே நட என்று அவர் சொல்வதற்குக் காரணம், சங்கிலி பறிப்பவன் பின்னாலிருந்து வந்தால்தான் அவன் தொழில் நடக்கும் என்பது. மூன்று மாத வகுப்பு முடித்து அடுத்த பள்ளிக்குப் போய்விடுகிற பயிற்சியாளரிடம் இந்தச் செய்திகள் வந்து சேர வழியே இல்லை. யாரிடம் சொல்வதென்று அந்தப் பெண்ணுக்கும் தெரியாது. அனுபவம் என்பது முடிந்துபோன பழைய சண்டைகளின் ஞாபகமென்றால் அது மங்கத்தான் செய்யும். நாள்தோறும் திண்ணைக்கு வந்து சேர்கிற சேதிகளைப் பழையவற்றோடு ஒப்பிட்டுப் பார்க்கும் அறிவென்றால், ஒவ்வோர் ஆண்டும் அது தடித்துக்கொண்டே போகும்.

இதைவிடப் பெரிய பிழை ஒன்று அந்த ஆட்சேபத்துக்குள் ஒளிந்திருக்கிறது. அபாயம் என்றால் இருட்டிலிருந்து பாயும் அந்நியன் என்று அது எண்ணுகிறது. பதிவான பாலியல் வன்கொடுமை வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கு மேற்பட்டவற்றில் குற்றம் சாட்டப்பட்டவன் அந்தப் பெண்ணுக்கு முன்பே தெரிந்தவன் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகள் ஆண்டுதோறும் சொல்கின்றன. உறவினன், அண்டை வீட்டான், கூட வேலை செய்பவன், கல்யாணம் செய்துகொள்வதாகச் சொன்னவன். இவர்களிடமிருந்து காத்துக்கொள்ள எந்த உதை பயன்படும்? கனடாவில் சார்லின் சென் என்ற உளவியல் பேராசிரியையும் அவருடைய சகாக்களும் மூன்று பல்கலைக்கழகங்களில் 893 முதலாண்டு மாணவிகளிடம் நடத்திய ஆராய்ச்சி 2015-இல் வெளிவந்தது. 12 மணி நேரப் பயிற்சி பெற்ற பிரிவினரில் ஓராண்டுக்குள் வன்புணர்வுக்கு ஆளானவர் நூற்றுக்கு 5.2, துண்டுப் பிரசுரங்கள் மட்டும் கிடைத்த பிரிவினரில் 9.8. ஏறக்குறையப் பாதியாகக் குறைத்த அந்தப் பயிற்சியில் கைகால் பிரயோகம் ஒரு பகுதிதான். தெரிந்தவனுடைய நடத்தையில் அபாயத்தின் அறிகுறியை இனங்காண்பது, மரியாதைக்கும் கூச்சத்துக்கும் கட்டுப்பட்டு அந்த அறிகுறியைத் தனக்குத்தானே மறுத்துக்கொள்ளாமல் இருப்பது, உரத்துப் பேசத் துணிவது ஆகியவற்றுக்கே அதிக நேரம் ஒதுக்கப்பட்டிருந்தது.

இந்த முடிவைப் படித்தபோது எனக்கு நினைவு வந்தது வாத்தியாருடைய இன்னொரு பாடம். புதிதாகச் சேர்ந்த பெண்களை அவர் இருவர் இருவராக எதிரெதிரே நிறுத்தி, ஒருத்தியை மெல்ல மற்றவளை நோக்கி நடந்துவரச் சொல்வார். எந்த இடத்தில் உடம்பு "போதும்" என்று சொல்கிறதோ அங்கே கையை நீட்டி "நில்லு" என்று கத்த வேண்டும். பெரும்பாலான பெண்களுக்கு முதல் வாரம் சத்தமே வராது. தோழி மார்போடு மார்பு இடிக்கும் வரைக்கும் சிரித்துக்கொண்டே நிற்பார்கள். "இந்தச் சிரிப்ப நிறுத்தறதுக்குத்தான் எனக்கு மாசம் ஆவுது, கம்பு சொல்லித் தர்றதுக்கு இல்ல" என்று அவர் என்னிடம் ஒருநாள் சொன்னார். வளர்ந்த பெண்ணொருத்தியின் கூச்சச் சிரிப்புக்கும் சம்மதச் சிரிப்புக்கும் பயச் சிரிப்புக்கும் உள்ள பேதத்தை அறிந்து, அவள் மனம் நோகாமல் அதைக் கரைக்கும் சாமர்த்தியம் 22 வயதில் யாருக்கும் வாய்ப்பதில்லை. வாய்க்கவில்லை என்பது குற்றமுமன்று. அதற்கு மனிதர்களைப் பார்த்துக் கழித்த வருஷங்கள் வேண்டும்.

இனி, "மெய்யான சண்டையை அவர் பார்த்து எத்தனை காலமாயிற்று" என்ற கேள்வி. இந்தக் கேள்வியை எங்கள் ஏரிக்கரையில் நின்று யோசித்துப் பார்க்க வேண்டும். 18-ஆம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில், பெருமழையில் ஏரி உடைந்துவிடும் என்று கலெக்டர் லயோனல் பிளேஸ் அஞ்சிய இரவில் இராமனும் இலக்குவனும் கரைமேல் வில்லேந்திக் காவல் நின்றதை அவர் கண்டார் என்ற ஐதிகம் இந்த ஊர்க் குழந்தைகள் எல்லோருக்கும் தெரியும். கோயிலுக்கே ஏரி காத்த ராமர் என்று பெயர். அந்த ஒரு இரவை ஊர் நினைவில் வைத்திருக்கிறது. உடையாத மற்ற இரவுகளிலெல்லாம் கரையின் பின்சரிவில் எங்கே ஈரம் கசிகிறது, எந்த மதகின் பலகை இளகுகிறது, எந்த இடத்தில் நண்டு வளை தோண்டியிருக்கிறது என்று அரிக்கேன் விளக்கோடு நடந்து பார்த்த நீர்க்கட்டிகளின் பெயர் ஒன்றுகூட யாருக்கும் தெரியாது. ஒரு நீர்க்கட்டியைப் பார்த்து, "கரை உடைந்ததை நீ கடைசியாக எப்போது பார்த்தாய்? முப்பது வருஷமாகப் பார்க்கவில்லையா? அப்படியானால் உன் அனுபவம் பழசு" என்று யாராவது சொல்வார்களா? அவர் பார்க்கவில்லை என்பதுதான் அவருடைய தகுதிப் பத்திரம். தற்காப்பு ஆசிரியனையும் அப்படித்தான் மதிக்க வேண்டும். அவனிடம் படித்தவர்கள் சண்டையில் வென்ற கதைகளைவிட, சண்டை மூளாமலே வீடு வந்து சேர்ந்த இரவுகள் அவனுக்குப் பெரிய சாட்சி. ஆனால் அந்த இரவுகளுக்குப் பதக்கம் கிடையாது, புகைப்படமும் கிடையாது.

சரீரம் தளர்ந்துவிட்டது என்ற ஆட்சேபத்துக்கு உலக சரித்திரமே பதில் சொல்லிவிட்டதென்றாலும், நம்மவர் கேட்பதாக இல்லை. 1982 ஜூன் மாதம் லாஸ் வேகாஸில் லாரி ஹோம்ஸ், ஜெரி கூனியை எதிர்த்துத் தம் உலகப் பட்டத்தைக் காத்துக்கொண்ட இரவில், அவருடைய மூலையில் நின்ற பயிற்சியாளர்களில் ஒருவரான ரே ஆர்செல் 1899-இல் பிறந்தவர். அவர் ஒரு குத்தாவது விட முடியுமா என்று ஹோம்ஸ் கேட்கவில்லை. தில்லியில் மல்யுத்த அகாடா நடத்திய குரு ஹனுமான் 1901-இல் பிறந்தவர். அவரிடம் வளர்ந்த சத்பால் 1982 ஆசிய விளையாட்டில் தங்கம் வென்றபோது குருவுக்கு வயது 81. வடகரையில் களரி கற்பிக்கும் மீனாட்சியம்மா பத்மஸ்ரீ பெற்ற 2017-இல் எழுபதைக் கடந்தவர். சிறுமியாக இருந்தபோது தொடங்கிய அப்பியாசத்தை அவர் விடவேயில்லை. எனக்கு இவர்கள் எல்லோரிலும் பிரியமானவர் கெய்கோ ஃபுகுடா. ஜூடோவைத் தோற்றுவித்த ஜிகோரோ கானோவின் நேர்ச் சிஷ்யை. ஐந்தடியும் இல்லாத உருவம். பெண் என்ற ஒரே காரணத்துக்காக நெடுங்காலம் ஐந்தாம் படியிலேயே நிறுத்திவைக்கப்பட்டவர். சான் ஃபிரான்சிஸ்கோவில் குடியேறி, முதுமை முழுவதும் கற்பித்துக்கொண்டே இருந்து, 2011-இல் தம் 98-ஆம் வயதில் பத்தாம் படியை அடைந்தார். தூக்கி எறியும் வலிமை அவர் கைகளில் அப்போது இருந்திருக்க முடியாது. மாணவியின் இடுப்பு எந்தக் கணத்தில் நிலை இழக்கிறது என்று காணும் கண் இருந்தது. அதற்காகத்தான் தொலைவிலிருந்தெல்லாம் பெண்கள் அவரைத் தேடிப் போனார்கள்.

அந்தக் கண் எப்படிப்பட்டது என்பதை நான் ஒருமுறை பிரத்தியட்சமாகப் பார்த்தேன். சில வருஷங்களுக்கு முன் வாத்தியாரோடு மாமல்லபுரம் போயிருந்தபோது, மகிஷாசுரமர்த்தினி மண்டபத்தில் அந்தப் பெரிய சிற்பத்தின் முன் நின்றோம். சிங்கத்தின்மேல் வில்லேந்தி வருகிற தேவியையே நான் பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லோரும் அப்படித்தான் பார்க்கிறோம். வாத்தியார் எருமைத்தலை அசுரனை மட்டும் வெகுநேரம் பார்த்தார். இரண்டு கையாலும் கதையைப் பற்றியபடி அவன் பின்னுக்குச் சாய்ந்து நிற்கிறான். "பாத்தீங்களா, ஆயுதத்த இன்னும் விடல, மூஞ்சியும் அவங்க பக்கம்தான் இருக்கு. ஆனா பாரம் பின்னுக்குப் போயிடுச்சு. தோத்தாச்சு, அவனுக்கே இன்னும் தெரியல. இத செதுக்கினவன் சண்டையப் பக்கத்துல இருந்து பாத்தவன்" என்றார். ஏழாம் நூற்றாண்டுக் கல்லில் ஒரு சரீரத்தின் பாரம் எந்தப் பக்கம் நகர்கிறது என்று அவருக்குத் தெரிந்தது. 20 வருஷமாக அந்த மண்டபத்துக்குப் போய்வந்த எனக்கு அன்றுவரை தெரியவில்லை.

அதே மாமல்லபுரத்தில், அரசு சிற்பக் கல்லூரிக்கு நெடுங்காலம் தலைமை வகித்த கணபதி ஸ்தபதி, கன்னியாகுமரிக் கடலில் 133 அடி வள்ளுவர் சிலையை நிறுத்தி, 2000 ஜனவரி 1 அன்று அது திறக்கப்பட்டபோது எழுபதைக் கடந்திருந்தார். அவர் கை உளி பிடித்து எத்தனை நாளாயிற்று என்று யாரும் கணக்குப் பார்க்கவில்லை. சங்கீத வித்வானுக்கு வயதாக ஆக ஞானம் கூடுகிறது என்கிறோம். வைத்தியரைக் கைராசிக்காரர் என்று தேடிப் போகிறோம். தற்காப்பு ஆசிரியன் ஒருவனை மட்டும் வண்டிமாடு போலப் பல்லைப் பிடித்துப் பார்க்கிறோம். அவனுடைய வித்தையை உழைப்பாக மட்டுமே எண்ணி, அறிவாக எண்ணாத பழைய இளக்காரம் இது. கம்பு பிடித்தவர்களில் பெரும்பாலோர் உழைக்கும் குடிகளிலிருந்து வந்தவர்கள் என்பதும் இதற்குக் காரணமாயிருக்கலாம் என்று நான் ஐயுறுகிறேன்.

புதிய முறைகள் வந்துவிட்டனவே என்பார்க்கு ஒரு செய்தி. ஜப்பானில் 1882-இல் தொடங்கிய கோடோகான் ஜூடோப் பள்ளி, 1956-இல் கத்தி, கழி, கைத்துப்பாக்கி ஆகியவற்றுக்கெதிரான புதிய தற்காப்பு வரிசை ஒன்றை வகுத்தது. அதில் முக்கியப் பங்கு வகித்த கென்ஜி டோமிகி அப்போது ஐம்பதைத் தாண்டியவர். புதியதைச் சேர்ப்பதற்கும் பழையதில் எது உயிருள்ளதென்று அறிந்தவர்களே வேண்டியிருந்தார்கள். மேலும், பிரயோகங்களின் எண்ணிக்கையே பலம் என்று நினைப்பது தவறு. தெரிவு செய்ய வேண்டிய வழிகள் பெருகப் பெருக, தெரிந்தெடுக்க மனிதனுக்கு ஆகும் நேரமும் பெருகுகிறது என்று 1952-இலேயே ஹிக் என்ற உளவியலாளர் அளந்து காட்டினார். மூன்று மாதத்தில் 30 பிடிகளும் உதைகளும் கற்று, பள்ளி விழாவில் ஓட்டை உடைத்துக் கைதட்டு வாங்கிய சிறுமி, பயம் தொண்டையை அடைக்கும் கணத்தில் அந்த முப்பதில் எதைத் தேடுவாள்? எங்கள் வாத்தியார் முதல் ஆண்டில் சொல்லித் தருவது இரண்டே இரண்டு. இரண்டையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பிள்ளைகள் செய்வார்கள்.

ஒரு கண்ணியை ஒப்புக்கொள்வதாகச் சொன்னேன். உண்மையிலேயே காலாவதியாகிப்போன ஆசான்கள் இருக்கிறார்கள், மறைப்பதில் பயனில்லை. வாலிபத்தில் நடந்த ஒரே சண்டையை வருஷந்தோறும் ஓராள் சேர்த்துச் சொல்பவர்கள். விரலால் தொட்டே ஆளை வீழ்த்தும் வர்மம் தெரியும் என்று சொல்லிக்கொண்டு, எதிர்த்து நிற்கிற ஒருவனிடம் அதை ஒருநாளும் செய்து காட்டாதவர்கள். கேள்வி கேட்ட சிஷ்யனைப் பிரம்பால் அடித்து வாயடைப்பவர்கள். இவர்களிடம் குழந்தைகளை ஒப்படைக்கக் கூடாது என்பதில் எனக்கும் அந்தக் குழுவுக்கும் பேதமில்லை. ஆனால் இவர்கள் கெட்டது வயதினால் அன்று. தங்களைச் சோதனைக்கு உட்படுத்திக்கொள்வதை என்றோ நிறுத்திக்கொண்டார்கள், அதனால் கெட்டார்கள். சனிக்கிழமை தோறும் எங்கள் வாத்தியார் கம்பு நுனிகளில் துணி சுற்றிச் சாம்பலில் தோய்த்து, மாணவர்களோடு தாமே தொடுமுறை ஆடுகிறார். ஆட்டம் முடிந்ததும் அவருடைய வெள்ளைப் பனியனில் சாம்பல் பொட்டுகளை எண்ணலாம். சென்ற மாதம் நான் எண்ணியபோது ஐந்து இருந்தன. மாணவர்கள் மேல் அதைவிட அதிகம். தன் சட்டையில் சாம்பல் பட மறுக்கிற நாளில்தான் ஓர் ஆசிரியன் பழசாகிறான், அது 70-இலும் நேரும், 22-இலும் நேரும்.

ஆகவே ஆசிரியரைத் தேர்ந்தெடுப்பவர்கள் பிறந்த தேதியைக் கேட்பதைவிடச் சனிக்கிழமை களத்துக்கு வந்து அந்தப் பொட்டுகளைப் பார்ப்பது நல்லது. ஆனால் நடப்பு வேறாக இருக்கிறது. சிலம்பத்துக்கு இப்போது நல்ல காலம். 2024 ஜனவரியில் தமிழகத்தில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டில் அது காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. பிள்ளைகள் பதக்கம் வாங்குகிறார்கள், சான்றிதழ் வாங்குகிறார்கள். எனக்கு அதில் மகிழ்ச்சியே. ஆனால் போட்டிக்கு உரிய சிலம்பம் நடுவர் கண்ணுக்காக ஆடப்படுவது; அதற்கு நேரம் உண்டு, எல்லைக்கோடு உண்டு, எதிராளியின் எடை உண்டு. அந்தச் சான்றிதழ் அந்தப் போட்டிக்கு மட்டுமே சாட்சி சொல்லும். அதை நடுச்சாமத்து நெடுஞ்சாலைக்கும் சாட்சியாக ஏற்றுக்கொண்டு, சான்றிதழ்கள் பிறப்பதற்கு முன்பே கற்பிக்கத் தொடங்கியவரைத் தகுதியற்றவர் என்று ஒதுக்குவதுதான் அநீதி.

சட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1860-இல் இயற்றப்பட்ட இந்திய தண்டனைச் சட்டம் 96 முதல் 106 வரையான பிரிவுகளில் வகுத்த தற்காப்புரிமை, 2024 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரையான பிரிவுகளாக இலக்கம் மாறி வந்திருக்கிறது. திராவக வீச்சு 2013-இல் சேர்ந்தது. மற்றபடி சாரம் அதுவேதான்: அபாயம் பற்றிய நியாயமான அச்சம் எழும்போது உரிமை பிறக்கிறது, அச்சம் நீங்கும்போது முடிகிறது, காத்துக்கொள்ளத் தேவையானதற்கு மேல் தீங்கு செய்யலாகாது. எங்கள் வாத்தியார் சட்டப் புத்தகம் படித்தவரல்லர். "ஓட வழி கெடச்ச பிறகும் அடிச்சா, அதுக்குப் பேரு சண்டை. சண்டைக்கு நான் வாத்தியார் இல்ல" என்று சொல்வார், ஒரு காலத்தில் கம்பு தூக்கிய இளைஞர்கள் கோர்ட்டு வாசலில் வருஷக்கணக்கில் காத்துக் கிடந்ததைப் பார்த்து வந்த அறிவு அது. இளரத்தத்துக்கு அடிக்கக் கற்பிப்பது எளிது. அடித்த கையை எங்கே நிறுத்துவது என்பதைக் கற்பிக்க, நிறுத்தத் தவறியவர்களின் கதியைக் கண்ணால் கண்டிருக்க வேண்டும்.

இந்த மாதக் கடைசியில் குழு மறுபடியும் கூடுகிறது. அந்த இளைஞரிடமே நான் நேரில் போய்ப் பேசினேன். அவர் தயங்காமல், "ஐயா வந்தா நானும் அவருகிட்ட கத்துக்கறேன் சார், பிள்ளைங்களோட சேந்தே" என்றார். இருவர் பெயரையும் சேர்த்து மனு எழுதியிருக்கிறேன். வாத்தியாரிடம் கையொப்பம் வாங்கப் போனபோது கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, எழுத்துக் கூட்டி முழுவதும் படித்தார். பிறகு, சம்பளம் எவ்வளவு என்று கேட்கவில்லை, மைதானம் எவ்வளவு பெரியது என்று கேட்டார். சொன்னேன். "மொதல் பதினஞ்சு நாள் யாரும் கம்பத் தொட வேணாம், அதுக்கு ஒத்துக்குவாங்களா?" என்றார். என்ன சொல்லித் தருவீர்கள் என்று கேட்டேன்.

"நடக்கறதுக்கு" என்று சொல்லிக் கையொப்பமிட்டார்.